தங்கவயலின் சுரங்க வாய்களும் சுற்றியுள்ள ஊர்களும்: வாசகர் கேள்வி பதில்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கும் தங்கவயலைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்களும், தாத்தா காலத்தில் அங்கே வேலை பார்த்த குடும்பத்தினரும், மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

தங்கவயலுக்குப் போனால் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா? வாசலையாவது கிட்டே நின்று பார்க்க விடுவார்களா?
— வாசகர், குடியாத்தம்

இறங்க முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நீர் இறைப்பது நின்றதால் கீழ் மட்டங்கள் ஒவ்வொன்றாக மூழ்கிவிட்டன. ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டு ஓடுவதில்லை, காற்றோட்டம் இல்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போகிறேன் என்றால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

சுரங்க வாசல் என்றதும் மலைச்சரிவில் குகை போல ஒரு நுழைவாயிலை எதிர்பார்த்துப் பலர் வருகிறார்கள். தங்கவயலில் முக்கியமான வாசல்கள் அப்படிப்பட்டவை அல்ல. தரையிலிருந்து நேராகக் கீழே போகும் ஷாஃப்ட்கள்தான். ஆகவே தூரத்திலிருந்து கண்ணில் படுவது வாயின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம் மட்டுமே. வாயைச் சுற்றி வேலியோ சுவரோ இருக்கும், சிலவற்றைப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். நிலம் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்கு உரியது, அதாவது மத்திய அரசின் சொத்து. எழுத்து அனுமதி இல்லாமல் வேலிக்குள் போவது அத்துமீறல்.

இதனால் பயணம் வீண் என்று நினைக்க வேண்டாம். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம் பகுதிகளில் பொதுச் சாலையில் நடந்தபடியே கோபுரங்கள், எஞ்சின் வீடுகள், தொழிலாளர் லைன் வீடுகள், சயனைட் மேடுகள் (தங்கம் பிரித்த பின் கொட்டிய வெள்ளைக் கழிவுக் குவியல்கள்) எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். காலை வெயிலில் வெள்ளை மேட்டின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். உச்சிவேளையில் எல்லாம் ஒரே வெளிறலாகிவிடும், படம் எடுக்க உதவாது.

ஷாஃப்டின் மேலே நிற்கும் கோபுரத்தைப் பார்த்து, அந்தச் சுரங்கம் எப்படி இயங்கியது என்று சொல்ல முடியுமா?
— வாசகர், சேலம்

நிறையச் சொல்லலாம். கிணற்று ராட்டினத்தின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுர உச்சியில் பெரிய சக்கரங்கள். எஞ்சின் வீட்டிலுள்ள உருளையில் சுற்றிய இரும்புக் கயிறு சாய்வாக மேலேறி, சக்கரத்தின் மேல் வளைந்து, நேராகக் குழிக்குள் இறங்கும்.

முதலில் கால்களைக் கவனியுங்கள். இரண்டு கால்கள் ஏறக்குறைய செங்குத்தாகக் குழியின் ஓரத்தில் நிற்கும். மற்ற இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாய்வுக் கால் ஊன்றும், இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது கோபுரம் எஞ்சின் வீட்டின் பக்கம் சரிந்துவிடும். எனவே எஞ்சின் வீடு இடிந்து போயிருந்தாலும், சாய்வுக் கால் காட்டும் திசையில் தேடினால் அதன் கருங்கல் அடித்தளமும், போல்ட் பதித்த துளைகளும் கிடைக்கும்.

அடுத்து சக்கரங்களை எண்ணுங்கள். இரண்டு சக்கரங்கள் அருகருகே இருந்தால், ஒரு கூண்டு ஏறும்போது இன்னொன்று இறங்கியது என்று பொருள். இரண்டின் எடையும் ஒன்றையொன்று சமன் செய்வதால், எஞ்சின் தாதுவின் எடையையும் கயிற்று எடை வித்தியாசத்தையும் மட்டும் தூக்கினால் போதும். ஆழமான சுரங்கத்தில் இரும்புக் கயிற்றின் எடையே பல டன் ஆகிவிடும்.

கோபுரத்தின் பாதி உயரத்தில் சரிவான இரும்புப் பெட்டியும் அதன் கீழே தண்டவாள மிச்சமும் தெரிந்தால், அது தாது ஏற்றிய ஷாஃப்ட். பெட்டி இல்லாமல் தரை மட்டத்தில் மேடையும் கதவும் மட்டும் இருந்தால், ஆட்களும் சாமான்களும் போய்வந்த வழி. சக்கரமே இல்லாமல் பக்கத்தில் பெரிய வளைகுழாய் அல்லது விசிறி அறை இருந்தால், அது காற்றுக்கான வழி.

கிஃபோர்ட், ஹீத்கோட், எட்கர், ஹென்றி, புல்லன் என்று ஷாஃப்ட்களுக்குப் பெயர்கள் உண்டு. உள்ளூர்ப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். வரைபடத்தைவிட அது நம்பகமானது.

3 கிலோமீட்டர் ஆழம் வரை மனிதர்கள் எப்படிப் போனார்கள்? ஒரே கூண்டில் அவ்வளவு தூரமா?
— மாணவர், சென்னை

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. ஒரே ஷாஃப்டில் அடிவரை போகவில்லை. தரையிலிருந்து முதல் கூண்டு ஓர் ஆழம் வரை இறக்கும். அங்கிருந்து சுரங்கப் பாதையில் நடந்து, நிலத்துக்குள்ளேயே தோண்டிய இரண்டாவது ஷாஃப்டில் இறங்கி, தேவைப்பட்டால் மூன்றாவதற்கு மாற வேண்டும். கயிறு நீள நீளத் தன் எடையையே தாங்க முடியாமல் போகும் என்பதும், தங்கம் ஓடிய அடுக்கு சாய்வாக இறங்கியதால் நேர்க்குழி அதைவிட்டு விலகிப் போகும் என்பதும் இதற்கான காரணங்கள்.

ஆழத்தில் இரண்டு எதிரிகள். முதலாவது வெப்பம். 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து அனுப்பும் காற்றும் இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறும், உலர்ந்த காற்று 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி ஏறும். பாறை துளைக்கும்போது தூசு பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த ஈரம் காற்றில் நிறைந்ததும் வியர்வை உலராது. உடம்பு குளிர ஒரே வழி வியர்வை உலர்வதுதான். ஆகவே ஆளை வீழ்த்தியது வெறும் சூடல்ல, ஈரச்சூடு. காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஆலைகளை நிறுவிய பிறகே அடி மட்டங்களில் தொடர்ந்து வேலை செய்ய முடிந்தது.

இரண்டாவது பாறை வெடிப்பு. 3,000 மீட்டர் பாறை தலைக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 800 கிலோ எடை அழுத்தும். தாதுவை வெட்டி எடுத்ததும் அந்தப் பாரம் பக்கத்துப் பாறைக்கு மாறும். இடையில் விட்டுவைத்த தூண் போன்ற பகுதியில் அழுத்தம் குவிந்து, ஒரு நாள் அது வெடித்துச் சிதறும். தரையில் இருக்கும் வீடுகளும் அதிரும். முதலில் மரத்தைத் தாங்கலாக வைத்தார்கள், அது நசுங்கியது. பிறகு வெட்டிய கருங்கல்லை அடுக்கி வெற்றிடத்தை நிரப்பிச் சுவராகக் கட்டினார்கள். அதோடு, இடையில் தூண் விடாமல் ஒரே ஒழுங்கில் வெட்டிச் செல்லும் முறைக்கு மாறினார்கள். இந்த அனுபவத்தின் மேல்தான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது. மூடிய பின்பும், நீர் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் சிறு அதிர்வுகள் பதிவாயின. நீர் பாறை விரிசல்களுக்குள் புகுந்து அங்குள்ள அழுத்தத்தை மாற்றுவதே காரணம்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா? எதற்குப் பயப்பட வேண்டும்?
— வாசகி, ஆம்பூர்

கூட்டிப்போகலாம். ஆனால் கீழே சொல்பவற்றைப் பெரியவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷாஃப்ட் வாயைச் சுற்றியுள்ள செங்கல் அல்லது கல் வளையம் பராமரிப்பு இல்லாமல் போனால், முதலில் அதன் பின்னால் உள்ள மண் கரையும். மேலே புல் முளைத்த தரை அப்படியே இருக்கும், கீழே வெற்றிடம். கால் வைத்தால் புனல் போலச் சரியும். ஆகவே வேலி உடைந்திருந்தாலும் அது நின்ற கோட்டைத் தாண்டாதீர்கள். தரை வட்டமாகச் சற்றுத் தாழ்ந்திருக்கும் இடமும், மரங்கள் ஒரே மையத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் இடமும் எச்சரிக்கைகள்.

காற்று இன்னொரு அபாயம். மூடிய சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும். நிறமும் மணமும் இல்லாததால் மூச்சுத்திணறும் முன்பே ஆள் மயங்கி விழுவார். மழை வருமுன் வளிமண்டல அழுத்தம் இறங்கும்போது சுரங்கம் உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும், அப்போது வாயோரத்திலும் ஆபத்து. இரும்பும் தாதுவும் திருட இறங்கியவர்கள் இப்படித்தான் உயிரிழந்திருக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் மற்றொருவர் காப்பாற்ற இறங்குவதும், அவரும் விழுவதும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. யாராவது விழுந்தால் இறங்காதீர்கள், 112ஐ அழையுங்கள்.

சயனைட் மேட்டின் மீது ஏறிப் படம் எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பெயரைக் கேட்டு நச்சுக்குப் பயப்படுபவர்கள், உண்மையான ஆபத்தைக் கவனிப்பதில்லை. சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும் பொருள். மேட்டில் மிஞ்சியிருப்பது மாவாக அரைத்த பாறை. அதில் குவார்ட்ஸ் தூள் மிகுதி, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா அதுதான். சல்ஃபைடு கனிமங்களும் கலந்திருக்கின்றன, அவை மழையில் நனைந்து அமிலக் கசிவை உண்டாக்கும். எனவே மேட்டின் அடியில் தேங்கும் தண்ணீரைக் குழந்தைகள் தொடக்கூடாது. மேலே காய்ந்த ஓடு போன்ற பரப்பு இருக்கும், அதனடியில் மழைநீர் அரித்த பொந்து. விளிம்பில் நின்றால் ஆள் உயரத்துக்கு மண் சரியும். ஆனி, ஆடி மாதக் காற்றில் தூள் பறக்கும் நாட்களில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று மேட்டைப் பாருங்கள், எதிர்ப்பக்கம் போகாதீர்கள். துணியால் மூக்கைக் கட்டுவது நுண்தூளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் தடுக்கும்.

அந்த மேடுகள் எப்படி உண்டாயின? இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது?
— வாசகர், ஓசூர்

தங்கம் குவார்ட்ஸ் பாறையில் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கிடந்தது. தாதுவை உடைத்து, மாவாக அரைத்து, முதலில் பாதரசம் பூசிய தகடுகளின் மேல் ஓடவிட்டுப் பெரிய துகள்களைப் பிடித்தார்கள். தப்பிய நுண்துகளுக்குத்தான் சயனைடு. மிக நீர்த்த சோடியம் சயனைடு கரைசலில் மாவைக் கலக்கி, காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஆக்சிஜன் இல்லாமல் தங்கம் கரையாது. சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். கரைசலின் காரத்தன்மை பி.எச். 10க்கு மேல் நிற்காவிட்டால் சயனைடு நச்சு வாயுவாக வெளியேறும், ஆளுக்கும் ஆபத்து, சயனைடும் வீண். கரைந்த தங்கத்தைத் துத்தநாகத் தூள் அல்லது சீவல் போட்டு மீண்டும் திடமாக்குவார்கள்.

கொட்டியது மீதி அனைத்தும். ஒரு டன் தாதுவில் சில கிராம் தங்கம் என்றால், அந்த ஒரு டன்னும் ஏறக்குறைய அப்படியே மேட்டுக்குப் போனது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்த இடத்தில் 3 கோடி டன்னுக்கு மேல் கழிவு குவிந்ததில் வியப்பில்லை. 2024 ஜூனில், சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம்தான் மிச்சம். ஆனால் வெட்டவும் அரைக்கவும் செலவு இல்லை என்பதால் கணக்குச் சரியாக வரலாம். வேலை தொடங்கினால் தூசுக் கட்டுப்பாட்டை ஊர் மக்கள் விடாமல் கேட்க வேண்டும்.

மேட்டருகே ஒரு கல்லில் மஞ்சளாக மின்னியது. தங்கம்தானா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகர், திருப்பத்தூர்

அநேகமாக இல்லை. ஊசி முனையால் மின்னும் இடத்தை அழுத்துங்கள். தங்கம் பள்ளமாகும், நொறுங்காது. தங்கம் போல மின்னும் இரும்புக் கனிமமான பைரைட் பொடியாக உதிரும். அப்ரகம் (மைக்கா) இதழாகப் பிரியும். மெருகில்லாத ஓட்டின் அடிப்பக்கத்தில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட்டின் கோடு கருமை கலந்த பச்சை. நிழலில் திருப்பிப் பாருங்கள்: தங்கம் எந்தக் கோணத்திலும் அதே மஞ்சள், மற்றவை ஒரு கோணத்தில் மின்னி மறுகோணத்தில் மங்கும்.

டன்னுக்கு 5 கிராம் உள்ள தாதுவில் ஒரு கிலோ கல் எடுத்தால், அதில் 5 மில்லிகிராம்தான் தங்கம். எடுத்துப் போகவும் கூடாது, நிறுவன நிலத்துக் கல் அவர்களுடையது.

இந்தத் தங்கத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்களா?
— வாசகர், தருமபுரி

இல்லை. 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், உரிகம், மாரிகுப்பம் பகுதிகளில் ஊர்மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அவருக்கு முன்பே பழங்குழிகள் இருந்தன. பாறையை நெருப்பால் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, ஆழமாகவே தோண்டியிருக்கிறார்கள்.

வாரன் எழுதியதைப் படித்த மைக்கேல் லாவெல், 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். பணம் போதாமல் உரிமம் கைமாறியது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. அவர்களும் பல இடங்களில் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல், போட்ட முதல் தீரும் நிலைக்கு வந்தார்கள். 1883 வாக்கில் பழங்குழி ஒன்றின் அடியைத் தொடர்ந்து வெட்டியபோதுதான் தங்கம் செறிந்த சாம்பியன் அடுக்கு கிடைத்தது. ஆகவே தங்கவயலின் செல்வத்துக்கு வழிகாட்டியது, பெயர் தெரியாத அந்தப் பழைய சுரங்கக்காரர்களின் கைவேலை. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது.

தங்கவயலுக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு வேலை மட்டும்தானா?
— வாசகர், வேலூர்

வேலையில் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் கிடைக்காத கூலியும், பண்ணையாரின் பிடியிலிருந்து விடுதலையும் அவர்களை இழுத்தன. தட்டிச் சுவர் வீடுகளில் லைன் லைனாகக் குடியமர்ந்தார்கள். சிலிக்கா தூசால் நுரையீரல் கெட்டு, வேலைக்கு உதவாதவர்களாக ஊர் திரும்பியவர்கள் பலர். தங்கத்தின் கணக்கை எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

ஆனால் அவர்கள் கட்டியது லைன் வீடுகளை மட்டும் அல்ல. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட முக்கியமான இடங்களில் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் உண்டு. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. 1930இல், கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து எல்லாச் சுரங்கத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருக்களில் இன்றும் தமிழில் பேசிப் பொருள் வாங்கலாம்.

தாத்தாவின் வேலை விவரம் தேடுபவர்களுக்கு ஒன்று: பெயரைவிட, எந்தச் சுரங்கம், எந்த லைன் என்பதுதான் உதவும். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்தன, பதிவேடுகளும் தனித்தனி. பழைய சம்பளச் சீட்டோ பித்தளை வில்லையோ வீட்டில் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

காவிரியில் எடுத்த மின்சாரம் தங்கவயலுக்குத்தான் முதலில் போனது என்கிறார்களே?
— வாசகர், மேட்டூர்

உண்மை. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் 1902 ஜூன் 30 அன்று தங்கவயலை எட்டியது. கம்பி நீளம் 148 கிலோமீட்டர், அந்நாளில் உலகின் மிக நீளமான தடங்களில் ஒன்று. பெங்களூருக்கே 1905இல்தான் கிடைத்தது. விறகும் நிலக்கரியும் எரித்து நீராவியில் ஓடிய எஞ்சின்களுக்குப் பதிலாக மின்மோட்டார்கள் வந்தன. ஆழமாகப் போனதற்கும், அவ்வளவு நீரை இறைத்ததற்கும் இதுவே அடிப்படை.

நியூட்ரினோ ஆய்வு அங்கே நடந்ததாகப் பாடத்தில் படித்தேன். அதற்கு ஏன் தங்கச் சுரங்கம்?
— மாணவி, தேனி

வானிலிருந்து விண்கதிர்த் துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. தரையில் கருவி வைத்தால் அவற்றின் இரைச்சலில், எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகளான நியூட்ரினோ தெரியாது. பாறை அவற்றை வடிகட்டும், நியூட்ரினோவை மட்டும் தடுக்காது. சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்டில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் இரும்புத் தகடுக் கருவியும் அங்கே இயங்கியது. உங்கள் மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்குத் திட்டமிடப்பட்ட ஆய்வகமும் பாறையை இதே காரணத்துக்காகத்தான் தேடியது.

பாலாறு தங்கவயல் வழியாகத்தானே வருகிறது? அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகர், வாணியம்பாடி

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் மேல்பகுதியில், தங்கவயலுக்குக் கிழக்கே, பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. சுரங்கங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் குடிநீர் இங்கிருந்துதான் சுத்திகரித்து அனுப்பப்பட்டது. கரைமேல் நின்று பார்த்தால், ஆற்றை ஏரிகளாகப் பிடித்துவைக்கும் இந்தப் பகுதியின் பழைய முறை விளங்கும். பேத்தமங்கலம் நிரம்பினால் அடுத்து ராமசாகர் ஏரி, அதுவும் நிரம்பிய பிறகுதான் வெள்ளம் கீழே வரும். வாணியம்பாடியில் ஆறு ஏன் பல ஆண்டுகள் மணலாகவே கிடக்கிறது என்பதற்கான காரணங்களில் ஒன்றை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஊரில் விஜயேந்திர சுவாமி கோயில் பழமையானது.

இரண்டு நாள் பயணத்துக்கு வழி சொல்லுங்கள். கார் இல்லை.
— வாசகர், காட்பாடி

ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு போகும் ரயிலில் பங்காருபேட்டையில் இறங்குங்கள். எல்லா விரைவு ரயில்களும் நிற்பதில்லை, பார்த்து எடுங்கள். அங்கிருந்து மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை, 1894இல் சுரங்கங்களுக்காகவே போட்டது. கோரமண்டல், பெமல் நகர், உரிகம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயர்களே பழைய கதையைச் சொல்லும். இந்தப் பாதையில் ரயில்கள் அலுவலக நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன. காலை வண்டியை விட்டால் பங்காருபேட்டையில் பேருந்தோ ஆட்டோவோ பிடிப்பது நல்லது.

முதல் நாள் மாரிகுப்பத்தில் இறங்கி, சாம்பியன் ரீஃப் வழியாக உரிகம் வரை பாதி தூரம் நடந்தும் பாதி ஆட்டோவிலும் வாருங்கள். பத்து மணிக்குள் முடித்துவிடலாம். ராபர்ட்சன்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசி, கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். 108 அடி உயர லிங்கமும் 35 அடி நந்தியும், சுற்றிலும் பக்தர்கள் நிறுவிய சிறு லிங்கங்கள் கணக்கற்றும் இருக்கின்றன. 1980இல் தொடங்கிய கோயில் இது. கல் தரை சுடும் என்பதால் மாலையில் போவது நல்லது, சிவராத்திரியில் கூட்டம் தாங்காது. பேத்தமங்கலம் ஏரியும் குட்டஹள்ளி பங்காரு திருப்பதியும் அதே திசையில் சேர்த்துப் பார்க்கத் தக்கவை.

இரண்டாம் நாளைக் கோலாருக்கு ஒதுக்குங்கள். எங்கள் கருத்தில் இந்தப் பயணத்திலேயே தமிழ் வாசகர் தவறவிடக் கூடாத இடம் கோலாரம்மா கோயில்தான். சோழர் காலத்தில் இந்த ஊர் குவளாலம், இந்த நாடு நிகரிலிச் சோழ மண்டலம். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவரில் இருக்கின்றன. போர்க்காட்சி செதுக்கிய பலகையையும் தேடிப் பாருங்கள். எழுத்தை வாசிக்க விரும்பினால் காலையிலோ மாலையிலோ போங்கள், வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் வெட்டு தெரியும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்க முயலக் கூடாது, கல் கெடும். அருகிலேயே விஜயநகரக் காலத்துச் சோமேஸ்வரர் கோயில். அதன் கல்யாண மண்டபத் தூண்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பிறகு அந்தரகங்கை மலை. கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்று விழும் கோயில் வரை படிகள் உண்டு. அதற்கு மேலே பாறைகளுக்கு இடையிலான குகைகளுக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். குரங்குகள் பையைப் பறிக்கும்.

மூன்றாம் நாள் கிடைத்தால் முளுபாகல் பக்கம்: நொளம்பர் காலத்து ஆவணி ராமலிங்கேஸ்வரர் கோயில் தொகுதி, குருடுமலையில் ஒரே கல்லில் வடித்த சுமார் 13 அடிப் பிள்ளையார். முளுபாகல் தோசையையும் சாப்பிட்டு வாருங்கள். ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை, பங்காருபேட்டைக்குத் தெற்கே தனி வழியில் இருக்கிறது. அதை இதோடு சேர்க்க முயன்றால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அதற்கும் தெற்கே காமசமுத்திரம் காட்டுப்பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

தங்கம் இருந்த பாறையைச் சுரங்கத்துக்கு வெளியே எங்காவது தொட்டுப் பார்க்க முடியுமா?
— புவியியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி

பெத்தபள்ளிக்கு மாணவர்களைக் கூட்டிப்போங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவிச்சின்னமாக அறிவித்த இடம் அது. எரிமலை வெடித்தபோது சிதறிய பாறைத் துண்டுகள், சாம்பலோடு சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. தங்கவயல் இருக்கும் கோலார் பாறைப் பட்டை வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். இருபுறமும் வெளிர்நிறக் கருங்கல், நடுவில் கரும்பச்சை ஆம்பிபோலைட். இந்தக் கரும்பச்சைப் பாறையின் விரிசல்களில் குவார்ட்ஸ் படிந்தபோது அதோடு தங்கமும் படிந்தது.

மாணவர்களிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு காந்தம், நீர்த் தெளிப்பான் இருக்கட்டும். பாறையை நனைத்தால்தான் துண்டுகளின் எல்லை துலங்கும். சுத்தியல் வேண்டாம், பாதுகாக்கப்பட்ட இடம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை கூடுதல், வண்டி மண்பாதையில் சிக்கும். நிழல் கிடையாது, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.